அப்பாவின் குரலுக்கு அண்ணன் செய்த பெட்டி

அண்ணன் எங்களை விட்டுக் கர்த்தரிடம் போய் ஓராண்டாகிறது. நன்றியைக் கடைசியில் சொல்வதுதான் முறை. எதையும் தள்ளிப்போடுவது அண்ணனுக்குப் பிடிக்காது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் அண்ணியோடு மாறி மாறிக் கண்விழித்த பிள்ளைகளுக்கும், வீரசோழனிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து கஞ்சி ஊட்டிய அவருடைய பழைய ஆலைச் சிநேகிதருக்கும், அடக்க ஆராதனையில் பாடிய சபையாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணன் பிறந்தது திருச்சுழிப் பக்கம். அப்பா பலசரக்குக் கடை வைக்க அருப்புக்கோட்டைக்கு வந்தபோது அண்ணனுக்கு ஐந்து வயது. மழை பொய்த்த வருஷங்களில் கடை நொடித்தது. படிப்பை முடித்த கையோடு அண்ணன் பஞ்சு அரவை ஆலையில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தார், ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். நேர்மையானவர், பிடிவாதக்காரர். பிடிவாதத்தைக் குணம் என்று எழுதவா, குறை என்று எழுதவா என்று அண்ணியிடம் கேட்டேன். "ரெண்டையும் எழுதுங்க" என்றார். அதனால் அந்தப் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன்.

அப்பா சபைப் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று கீழ்க்குரல் பாடுவார். 1960களின் முடிவில் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். எனக்கு அப்போது பதினான்கு வயது. சில மாதம் கழித்துப் போதகர் டேப் ரெக்கார்டரோடு ஒரு ஸ்பூல் டேப்பை எடுத்து வந்தார். முந்தின கிறிஸ்துமஸ் ஆராதனையைப் பதிவு செய்தது. அப்பா பாடியது அதில் இருக்கிறது என்றதும் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டேப் ரெக்கார்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெண்கள் குரல் கேட்டது. ஆர்மோனியம் கேட்டது. பாட்டு முடிந்தது.

"எல்லாரும் பாடுறாக. அவுக குரல மட்டும் காணோம்" என்றார் அம்மா.

அந்தக் கருவியின் ஒலிபெருக்கி உள்ளங்கை அகலம்தான், அடிக்குரல் அதில் வராது என்று அண்ணன் விளக்கினார். அம்மாவுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அண்ணன் போதகரிடம் கேட்டு அதை ஒரு மாதம் வாங்கி வைத்துக்கொண்டார். மதுரைக்குப் போய்ப் பழைய எட்டங்குல ஒலிபெருக்கி ஒன்றோடு வந்தார்.

அந்த ஒலிபெருக்கியைப் பொருத்திய முதல் பெட்டி தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்தது. பாட்டை விடப் பலகைதான் அதிகம் அதிர்ந்தது. பலகை கனமாக இருக்க வேண்டும், பெட்டி பெரிதாக வேண்டும், உள்ளே இருக்கிற காற்று ஒரு ஊசித் துவாரம் வழியாகக்கூட வெளியேறக் கூடாது என்று சொல்லிக்கொண்டே அண்ணன் சாமான் அறையின் வேங்கைமரக் கதவைக் கழற்றிவிட்டார்! அதன் பிறகு அந்த அறைக்கு அம்மாவின் பழைய சேலைதான் கதவு. கதவை அறுத்து, குறுக்குச் சட்டம் கொடுத்து இறுக்கி, மூட்டுகளில் வஜ்ஜிரப் பசையும் மரத்தூளும் குழைத்துப் பூசினார். ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பை மெல்ல அமுக்கியபடி மூட்டு மூட்டாக மெழுகுவர்த்தியைக் காட்டினார். சுடர் அசைந்த இடத்தில் மறுபடி பூசினார். ஆலையிலிருந்து வந்தால் இதே வேலை. எங்கள் பழைய வால்வு ரேடியோவோடு இணைத்துப் பாட்டைப் போட்டால் முன்னைவிடக் கனம் இருந்தது. அப்பாதான் இல்லை.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும். அண்ணன் சரியாகச் சாப்பிடாமல் இளைத்துக்கொண்டே போனார். "கேக்குதுன்னு சொல்லிருங்கம்மா, விட்டுருவாக" என்று அம்மாவிடம் ஓதியது நான்தான். அடுத்த முறை அம்மா, "கேக்குதுய்யா, நல்லா கேக்குது" என்றார்.

"அப்பா எந்த இடத்துல சேருறாகம்மா?" என்று கேட்டார் அண்ணன்.

அம்மா என்னைப் பார்த்தார். அண்ணனும் என்னைப் பார்த்தார். "ஒன் வேலதானா புள்ள?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் ஆலையிலிருந்து ஒரு பை பஞ்சோடு வந்தார். பஞ்சு நிரப்பினால் பெட்டி தன் அளவை விடப் பெரியதுபோல வேலை செய்யுமாம். பஞ்சு ஆலைக்காரர் இல்லையா, பஞ்சுப் பொதி கட்டுவதுபோல முழங்காலை வைத்து அமுக்கி அமுக்கித் திணித்தார். பாட்டைப் போட்டால் இருந்த கனமும் போய்விட்டது, எல்லோரும் வாயில் துணியை வைத்துக்கொண்டு பாடினார்கள். அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"தலகாணிக்கு அம்மா பிச்சுப் பிச்சுத்தான போடுவாக, அண்ணே" என்றேன்.

கோபிப்பார் என்று நினைத்தேன். எழுந்து திருப்புளியை எடுத்தார். பெட்டியைப் பிரித்து எல்லாப் பஞ்சையும் வெளியே அள்ளிப் போட்டார். மூன்று பேரும் உட்கார்ந்து பிய்த்தோம். விரல் நுழைந்தால் தடுக்காத அளவுக்கு உதிரியாகப் போட்டு, பாதிப் பஞ்சை மிச்சம் வைத்து மூடினார். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போட்டார்.

பாட்டின் முதல் அடி போனது. இரண்டாம் அடியில் தரை லேசாக அதிர்ந்ததுபோல இருந்தது. அம்மா நிமிர்ந்தார்.

"இந்தா... எல்லாரும் எடுத்த பெறகு சேருறாக பாரு. எப்பவும் இப்படித்தான், ஒரு மூச்சு பிந்தித்தான் வருவாக. சொன்னா கோவம் வேற வரும்" என்று சொல்லிச் சிரித்தார். அப்பா போன பிறகு அம்மா சிரித்தது அன்றுதான். அடக்கத்தன்று அழாத அண்ணன் திருப்புளியைக் கையில் பிடித்துக்கொண்டே தேம்பித் தேம்பி அழுதார்.

பாட்டு முடிந்ததும் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி போடப் போனார். அம்மா அவர் கையைப் பிடித்தார்.

"போதும்யா, டேப்பு தேஞ்சிரப் போகுது. நாளைக்கும் கேக்கணும்ல. வா, சாப்பிடு."