மங்களத்தில் ஆரம்பித்த கச்சேரி

போன ஞாயிற்றுக்கிழமை என் காரில் ஒரு கச்சேரி நடந்தது. பாடியது என் அத்தை. மேடை — ஒரு மெமரி கார்டு. கேட்டவர் திருச்சியில் ஒரு சபாவின் செயலாளர். டிரைவர்? வேறு யார், நான்தான்!

அத்தை ஸ்ரீரங்கத்தில் பாட்டு டீச்சர். எத்தனையோ பிள்ளைகளை மேடை ஏற்றியவர், தனக்கென்று ஒரு முழுக் கச்சேரி யாரிடமும் கேட்டதில்லை. நான் விடுவேனா? வீட்டு மாடியில் வயலின், மிருதங்கத்தோடு பாட வைத்து, ரெக்கார்ட் செய்து, செயலாளருக்கு லிங்க் அனுப்பினேன். நாள் போனதே தவிர பதில் வரவில்லை. போன் செய்தேன்.

“போன்ல எல்லாம் நான் பாட்டு கேக்கறதில்லைம்மா. ஞாயித்துக்கிழமை வேற ஜீயபுரத்துல ஒரு கிரகப்பிரவேசம். காட்டூர்லேருந்து ரெண்டு பஸ் மாறணும்.”

“பஸ் எதுக்கு சார்? நாங்க கொண்டுபோய் விடறோம். கார்லயே கேட்டுடுங்க!”

டிசம்பர் கச்சேரிப் பட்டியலைத் திங்கட்கிழமை முடிக்கப்போகிறார் என்று தெரியும். அத்தைக்கு இந்த ஒரு பயணம்தான் வாய்ப்பு.

சனிக்கிழமை முழுக்க வேலை. பாட்டுகளைத் தனித்தனி ஃபைலாக வெட்டி, ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு, கார்டில் ஏற்றினேன்.

ஞாயிறு காலை. செயலாளர் முன்சீட்டில், அத்தை பின்சீட்டில். ஊருக்குள் ஒரே ஹாரன். குடமுருட்டிப் பாலம் தாண்டிச் சத்தம் அடங்கியதும் பிளேயரைப் போட்டேன்.

வந்தது... மங்களம்!

உங்களுக்குத் தெரியாததா? மங்களம் பாடினால் கச்சேரி முடிந்தது. எழுந்து செருப்பைத் தேடலாம்.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். “என்னம்மா, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வீட்டுக்கு அனுப்பறீங்க?”

என் விரல் ‘நெக்ஸ்ட்’ பட்டனுக்குப் போனது. அத்தை பின்னாலிருந்து தோளைத் தட்டினார்.

“நிறுத்துடீ. மங்களத்துக்கு அப்புறம் நான் வர்ணம் பாடினதே இல்ல. வண்டியை ஓரங்கட்டு. முதல்லேருந்து, முறையா வரணும்.”

ஒரு டீக்கடை முன் நிறுத்தி, பானெட் மேல் லேப்டாப்பைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. என் கார் பிளேயர் நம்பரையெல்லாம் மதிக்காது. கார்டில் எந்த ஃபைல் முதலில் ஏறியதோ, அதுதான் முதலில் பாடும். கார்டு வேலை செய்கிறதா என்று பார்க்க, இருப்பதிலேயே குட்டி ஃபைலை முதலில் ஏற்றியிருந்தேன். குட்டி ஃபைல் எது? மங்களம்தான்!

கார்டை ஃபார்மேட் செய்து, கச்சேரியைத் தொடங்கும் வர்ணத்திலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றினேன். செயலாளர் வாட்ச்சைப் பார்த்தார்.

“அங்க பந்தி ஆரம்பிச்சிருப்பாங்கம்மா...”

அத்தை அவர் கையில் டீயைக் கொடுத்தார். “அஞ்சு நிமிஷம் சார். உங்க சபாவுல மைக் சரிபண்ணவே அரை மணி ஆகுது. நான் பொறுத்துக்கிட்டு உக்காரலையா?”

மனிதர் சிரித்துவிட்டார்.

மறுபடி கிளம்பினோம். வர்ணம் போனது. ஒரு சின்னக் கீர்த்தனை. அப்புறம் கல்யாணி ஆலாபனை... பேசிக்கொண்டே வந்த செயலாளர் பேச்சை நிறுத்தினார். பாட்டு தொடங்கியதும் கை தானாகத் தொடையில் தாளம் போட்டது. ஜீயபுரத்தில் பந்தல் வாசலில் நிறுத்தியதும், கிரகப்பிரவேச வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் திறந்தார்.

“வாங்க மாமா, இலை போட்டாச்சு!”

“கதவைச் சாத்துடா. ஸ்வரம் போயிட்டிருக்கு!”

பாட்டு முடிந்த பிறகுதான் இறங்கினார். பின் ஜன்னலில் குனிந்தார்.

“டிசம்பர்ல ஒரு சாயங்காலம் இருக்கு. ரெண்டு மணி நேரம். பாடறீங்களா?”

“ரெண்டரையா குடுங்க சார்.”

பாருங்கள்! வாழ்க்கையில் முதன்முறையாகக் கேட்கிறார் — அதிலும் அரை மணி கூடுதலாக! எனக்கு ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கைதட்டத் தோன்றியது. அடுத்தவர் பாட்டுக்குத் தலையாட்ட நாம் யோசிப்பதில்லை. சொந்தக் குரலை நான்கு பேர் நடுவில் கேட்கத்தான் என்ன ஒரு கூச்சம்!

திரும்பும்போது அத்தை முன்சீட்டுக்கு வந்துவிட்டார். கொஞ்ச நேரம் கண்ணை மூடித் தன் பாட்டைத் தானே கேட்டார்.

“சத்தம் பத்தல. கூட்டுடீ.”

கூட்டினேன். வாழைத்தோப்பெல்லாம் கேட்கட்டுமே... எங்கள் அத்தை பாடுகிறார்!