ஒரே பீஸ், மூன்று ஆஸ்பத்திரி

தரவரிசைப் பட்டியல் வந்த அன்று எங்கள் வீட்டில் யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. அப்பா போனில் பட்டியலைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, என் பெயர் அங்கேதான் இருக்கிறதா என்று நாலைந்து தடவை பார்த்துக்கொண்டார். அம்மா, "அப்ப எத்தன காலேஜு நமக்குக் கெடைக்கும்?" என்று மட்டும் கேட்டாள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான ஒதுக்கீட்டில் என் இடம் நன்றாகவே முன்னால் இருந்தது. எங்கள் வேதியியல் டீச்சர், போன வருடம் யாருக்கு எது கிடைத்தது என்று பார்த்துவிட்டு, மூன்று அரசு மருத்துவக் கல்லூரிகளில் எதைக் கேட்டாலும் எனக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றார். கலந்தாய்வு சென்னையில். டோக்கன் நம்பரைக் கூப்பிட்டதும் போய் மேஜை முன்னால் உட்கார்ந்து, ஒரு கல்லூரியின் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான், திருப்பி வாங்க முடியாது.

மூன்று ஊர்களின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. மூன்றிலும் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், வம்பு எதற்கு? ஒன்று பக்கத்தில், வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். இரண்டாவது மலையடிவாரத்தில். மூன்றாவது தெற்கே, பல மணி நேரப் பயணம், மூன்றிலும் பழையது, பெரியது. அப்பாவுக்குப் பக்கத்துக் கல்லூரிதான். "ஊட்டுச் சோத்தத் தின்னுட்டுப் படிக்கலாமுல்ல" என்பதற்கு மேல் அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை.

அம்மா முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் டீ-ஷர்ட்டுகளை, கம்பெனிப் பேச்சில் பீஸ்களை, விரித்து, திருப்பி, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. எனக்குப் பல் முளைத்ததிலிருந்து அவள் இந்த வேலையில்தான் இருக்கிறாள். கல்லூரி விஷயத்தை அவள் பார்த்த விதமும் அப்படித்தான்.

"சாம்பிள் பாக்காம ஆராச்சும் ஆர்டர ஓகே பண்ணுவாங்களா கண்ணு? மூணையும் போய்ப் பாத்துட்டு வந்துரலாம்."

"சும்மா போனா வாட்ச்மேன் உள்ள உடமாட்டாரும்மா."

"சும்மா எதுக்குப் போகோணும்? நோயாளியாப் போனா ஆரு தடுப்பாங்க?"

எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. பிரதான வாசல் வழியாகப் போய்ப் பெயர்ப் பலகையைப் பார்ப்பதற்குப் பதிலாக, சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, உள்ளே இருந்து பார்ப்பது. நான் சின்ன வயதிலிருந்தே எதையும் திறந்து பார்க்கிற ஆள். கடிகாரம், ரேடியோ, செத்த ஓணான் எதுவும் தப்பியதில்லை. மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளின் உள்பக்கம் இலவசமாகக் கிடைக்கிறது என்றால் விடுவேனா?

முதலில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீட்டு எழுதுகிற இடத்தில் என்ன தொந்தரவு என்று கேட்டார்கள். முழங்கால் வலி என்று சொல்வாள் என நினைத்தேன். நின்றுகொண்டே வேலை செய்கிறவளுக்கு அது நிஜமாகவே இருந்தது. அவளோ, "கண்ணு பாக்கோணுங்க" என்றாள். கண் பிரிவின் வரிசை வளைந்து வளைந்து வராந்தா வரைக்கும் நின்றது. அவளை அங்கே உட்காரவைத்துவிட்டு, "சித்த நேரத்துல வந்தர்றேன்" என்று நான் சுற்றக் கிளம்பிவிட்டேன்.

அன்றைக்கு நான் பார்த்ததை எல்லாம் எழுதினால் ஒரு நோட்டு நிரம்பும். ரத்தக்குழாய்களைச் சிவப்பும் நீலமுமாக வரைந்த படம் ஒன்றின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஓர் அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டே தடித்த புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். சோற்றுப் பருக்கை ஒன்று புத்தகத்தில் விழுந்ததும் அதைப் பக்குவமாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். டாக்டர்களுக்கும் பசிக்கும் என்பது எனக்கு ஏனோ புதுச் செய்தியாக இருந்தது. நான் திரும்பி வந்தபோது அம்மா பார்த்து முடித்துவிட்டு, தரை துடைக்கிற அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"இங்க படிக்கற புள்ளைக உங்கள என்னன்னு கூப்புடறாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்படி ஒரு கேள்வியை நான் ஆயுசுக்கும் யோசித்திருக்க மாட்டேன். வழியில் ஏன் கேட்டாய் என்றதற்கு, "துணிய வெளிப்பக்கம் பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். உள்பக்கம் திருப்பிப் பாக்கோணும்" என்றாள். டாக்டர் என்ன சொன்னார் என்று ஒப்புக்குக் கேட்டேன். "நல்லாப் பாக்கறாங்க" என்றாள்.

நாலு நாள் கழித்து மலையடிவாரத்து ஆஸ்பத்திரி. அங்கேயும் கண் பிரிவுதான்.

"எதுக்கும்மா மறுக்காவும் கண்ணு? வேற எதாச்சும் சொல்லுலாமுல்ல. எலும்பு, காது, எதாச்சும்."

"மூணு செக்கர்ல ஆரு நல்லாப் பாக்கறாங்கன்னு எப்படிக் கண்டுபுடிப்ப? ஒரே பீஸத்தான் மூணு பேருகிட்டயும் குடுக்கோணும். ஆளுக்கொரு பீஸக் குடுத்தா எப்படித் தெரியும்?"

அறிவியல் பாடத்தில் மூன்று பக்கத்துக்கு எழுதியிருப்பதை அம்மா ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள் என்று பெருமையாகக்கூட இருந்தது. அவளை வரிசையில் விட்டுவிட்டு நான் மறுபடி சுற்றப் போனேன். அங்கே நூலகத்தின் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றதில் கண்ணாடியில் ஒரு வட்டம் பதிந்துவிட்டது.

தெற்கே போனபோது விடிகாலையில் இறங்கி, பஸ் ஸ்டாண்டிலேயே முகம் கழுவிக்கொண்டு போனோம். அந்த ஆஸ்பத்திரி ஓர் ஊர் அளவுக்கு இருந்தது. மக்கள் பாய், கூடை, தூக்குப்போசியோடு வந்து மரத்தடிகளில் உட்கார்ந்திருந்தார்கள். தரை கூட்டுகிற ஒரு பெண்ணிடம் அம்மா தன் கேள்வியைக் கேட்டாள். "அக்கான்னுதான் கூப்பிடுவாவ. கோவம் வந்தா ஒண்ணுஞ் சொல்லாமப் போவாவ" என்றார் அவர். அம்மாவுக்கு இந்தப் பதில் திருப்தியாக இருந்தது போலத் தலையாட்டினாள். கண் வரிசையில் அவளை உட்காரவைத்தேன். கட்டடத்தின் பின்பக்கம் அருங்காட்சியகம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

கதவு பூட்டியிருந்தது. ஆனால் ஜன்னல் வழியாகத் தெரிந்தது: வரிசை வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள், உள்ளே இதயம், நுரையீரல், ஒரு ஜாடியில் முழு மூளை. எதற்கு இவ்வளவு மடிப்பு? யாருடையது? அந்த ஆள் எதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்? கால் வலிக்கிற வரை நின்றேன். எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது, இங்கேதான் படிக்க வேண்டும் என்று.

ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தால் பெஞ்சில் அம்மா இல்லை. உள்ளே ஓர் இளம் பெண் டாக்டர் என்னைப் பார்த்ததும் கேட்டார். "நீதான் கூட வந்த பொண்ணா? மூணு தடவ கூப்பிட்டாச்சு. எங்க போயிருந்த?"

அம்மா ஒரு மிஷின் முன்னால் தாடையை வைத்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே வெளிச்சப் புள்ளிகள் அங்கங்கே தோன்றுமாம், தெரியும்போது பட்டனை அமுக்க வேண்டுமாம். முடிந்ததும் ஒரு தாள் வந்தது. இடது கண்ணுக்கான வட்டத்தில் ஓரம் முழுக்கக் கறுத்திருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுக்கொண்டு வருகிறது, நேராகப் பார்ப்பது நன்றாகத்தான் இருக்கும், பக்கவாட்டில் தெரியாமல் போய்க்கொண்டே வரும் என்று டாக்டர் விளக்கினார். போனது திரும்பாது. சொட்டு மருந்து விடாமல் ஊற்றினால் இருப்பதைக் காப்பாற்றலாம். விட்டால் கண்ணே போய்விடும்.

நான் ஏதும் சொல்வதற்கு முன்னால் அம்மா பர்ஸைத் திறந்து, மடித்த இரண்டு சீட்டுகளை எடுத்து டாக்டரின் மேஜையில் வைத்தாள். பக்கத்து ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று, மலையடிவாரத்துச் சீட்டு ஒன்று.

"மூணும் ஒண்ணாத்தானுங்க இருக்குது?" என்று கேட்டாள்.

டாக்டர் இரண்டையும் படித்துப் பார்த்தார். "ஒண்ணாத்தாம்மா இருக்கு. மருந்து ஊத்துறீங்கள்ல?"

"ஊத்தறேனுங்க."

கம்பெனியில் ஒரு பீஸைக் குற்றம் என்று ஒதுக்கினால், இன்னும் இரண்டு பேர் பார்த்து ஆமாம் என்ற பிறகுதான் அதைக் கழிப்பார்கள். அம்மா இதை எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். முதல் ஆஸ்பத்திரியில் சொன்னதை அவள் நம்பவில்லை. இரண்டாவதில் யாராவது இல்லை என்று சொல்ல மாட்டார்களா என்று போயிருக்கிறாள். மூன்றாவதற்கும் அப்படித்தான். ஆறேழு மாதமாகவே அவள் இடது கையில் அடிக்கடி இடித்துக்கொண்ட காயம் இருந்தது. டேபிள் இடித்துவிட்டது, கதவு இடித்துவிட்டது என்பாள். "பாத்து நடக்கமாட்டியா" என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். மூன்று ஆஸ்பத்திரி சுற்றி, ஊரில் உள்ள நோயாளிகளை எல்லாம் வேடிக்கை பார்த்த நான், கூட்டிக்கொண்டு போன நோயாளியைப் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் இருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "ஆருகிட்டயும் மூச்சுடக் கூடாது. உங்கப்பாகிட்டயும்தான். கம்பெனிக்குத் தெரிஞ்சா செக்கிங்ல வெச்சிருப்பாங்களா?" கண் தெரியாத செக்கர் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அவள் வேலை அன்றோடு முடிந்தது. சரி என்றேன். எந்தக் கல்லூரி என்று கேட்டாள். "தெக்கத்திதான்" என்றேன். வாயில் அப்படிச் சொன்னேனே தவிர, மேஜை முன்னால் உட்கார்ந்ததும் பக்கத்துக் கல்லூரியின் பெயரைச் சொல்லிவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். வீட்டில் இருந்தால் அவளைக் கவனித்துக்கொள்ளலாம். அந்த ஜாடிகளை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

கலந்தாய்வு அன்று அப்பாவுக்கு லீவு கிடைக்காததால் நானும் அம்மாவும்தான் போனோம். மண்டபத்துக்கு வெளியே சான்றிதழ்களை ஒழுங்குபடுத்துவதற்காக அம்மாவின் பைக்குள் கை விட்டேன். அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் தட்டுப்பட்டது. அதில் மூன்று சின்ன மருந்துப் புட்டிகள். மூன்று ஆஸ்பத்திரியிலும் கொடுத்தவை. ஒன்றிலும் சீல் உடைக்கவில்லை.

"ஏம்மா, ஊத்தறேன்னு டாக்டர்கிட்டச் சொன்னியே?"

"எரியும்னாங்க. எரிஞ்சா தண்ணி வரும். உங்கப்பா பாத்தா என்னாச்சும்பாரு, கம்பெனில சூப்பர்வைசர் பாத்தா என்னாச்சும்பாரு. ஆயுசுக்கும் ஊத்தோணுமாமா, பத்து நாள்ல என்ன ஆயிரப்போகுது? உனக்கு சீட்டு ஆகட்டும்னு இருந்தேன்."

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்காமல் கத்திவிட்டேன். "அப்ப நான் பக்கத்துலதான் சேரப்போறேன். காலைல ஒரு சொட்டு, சாயந்தரம் ஒரு சொட்டு, நானே ஊத்தறேன்."

"இதுக்குத்தான் சொல்லாம இருந்தேன்" என்றாள் அம்மா. அவளுக்கும் கோபம்தான். "பக்கத்துல சேந்தீன்னா நீ எங்க படிக்கப்போற? எனக்குக் காவல் இருப்ப. சொட்டு மருந்து ஊத்தறதுக்கு அஞ்சு வருசப் படிப்பா?"

நான் சான்றிதழ்களை வரிசைப்படி அடுக்கினேன். பிறகு அவளே கேட்டாள். "மூணையும் பாத்தீல்ல. எது உனக்குப் புடிச்சுது? எம்மேல சத்தியமாச் சொல்லோணும்."

"தெக்கத்தி."

"ஏன்?"

"அங்கதாம்மா எனக்குத் தெரியாதது நெறைய இருக்குது."

அம்மா என்னையே பார்த்தாள். பக்கவாட்டில் தெரியாதவள் என்பதால் கழுத்தை முழுக்கத் திருப்பிப் பார்த்தாள். பிறகு தூணில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "அப்ப ஊத்து" என்றாள்.

"இங்கயா?"

"இங்கதான். இன்னையிலிருந்து ஊத்திக்கறேன், ரெண்டு நேரமும். உங்கப்பாகிட்டயும் நானே சொல்லிக்கறேன். நீ புடிச்ச பக்கம் சேரு. ஊத்து சாமி, நம்பரக் கூப்புட்டுருவாங்க."

குழாயில் கை கழுவிவிட்டு வந்து சீலைத் திருகினேன். கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது, என் அம்மாவின் கண்ணை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. கருவிழியைச் சுற்றி மெல்லிய பழுப்பு நிறக் கோடு ஒன்று இருந்தது. முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. "மெதுவாப் பண்ணு, நான் எங்கயும் ஓடல" என்றாள். இரண்டாவது சொட்டு சரியாக விழுந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்போதுதான் எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே திரையில் மூன்று கல்லூரிகளிலும் இடம் இருந்தது. அதிகாரி எந்தக் கல்லூரி என்று கேட்டார். தெற்குக் கல்லூரியின் பெயரைச் சொன்னேன். பக்கத்து நாற்காலியில் அம்மாவின் இடது கண்ணிலிருந்து கன்னம் நனைய நீர் ஊற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அதிகாரி அன்பாகச் சொன்னார்.

"அழாதீங்கம்மா. பொண்ணு டாக்டர் ஆகப்போகுது, சந்தோஷமா இருங்க."

அம்மா துடைத்துக்கொள்ளவில்லை. பின்னால் வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "அழுகலீங்க சார். கண்ணுல கோளாறுங்க எனக்கு, மருந்து ஊத்தியிருக்குது. என்ற புள்ளதானுங்க ஊத்திவுட்டுது."