சலாலா பாதையில் பிரிந்தவர்

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் சம்சுதீனும் அவர் மனைவி கமருன்னிசாவும் பீங்கான் கடை வைத்திருக்கிறார்கள். போன தை மாதம் பூர்ணிமா என்ற பெண் புது வீட்டுக்கு ஊறுகாய் ஜாடி வாங்க வந்தாள். கமருன்னிசா வைக்கோலை உதறி ஜாடிகளை எடுத்து வைக்க, பூர்ணிமா தன் பாட்டுக்கு மாமனாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"பெண்ணாடம் போறதுன்னாலும் கேன் நெறைய தண்ணி தூக்கிக்கிட்டுத்தான்மா பஸ்ஸு ஏறுவாரு. கேட்டா, 'நான் ரோடே இல்லாத பாலைவனத்துல லாரி ஓட்டுனவன், ஒனக்கு என்னா தெரியும்'பாரு."

"எந்த ஊருல ஓட்டுனாரு?"

"மஸ்கட்டு பக்கம். சலாலாவோ என்னமோ சொல்லுவாரு."

"அவரு பேரு என்னம்மா?"

"பாவாடை. எங்களுக்கு கம்மாபுரம் பக்கம்."

கமருன்னிசா கையிலிருந்த ஜாடியை மெல்ல மேஜைமேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு உள்ளே பில் போட்டுக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் அவர்கள் சலாலாவில் ஒரு அரபி வீட்டில் வேலை பார்த்தார்கள். சம்சுதீன் லாரி ஓட்டினார், கமருன்னிசா சமைத்தாள். மகள் சபாவுக்கு இரண்டு வயது, வயிற்றில் அடுத்த பிள்ளை. பிரசவத்துக்கு ஊர் போக வேண்டும் என்றதும் அரபி ஒரு வழி சொன்னார். மஸ்கட்டுக்குப் போகிற லோடு வண்டியிலேயே போய் அங்கே விமானம் ஏறிக்கொள்ளட்டும், கூடப் போகிற டிரைவர் லாரியைத் திருப்பிக் கொண்டுவரட்டும் என்றார். அந்த டிரைவர்தான் பாவாடை. நம்ம ஜில்லாக்காரர் என்று தெரிந்த நாளிலிருந்து கமருன்னிசாவுக்கு அவர் அண்ணன்.

அப்போது அங்கே தார் ரோடு வந்திருக்கவில்லை. முன்னால் போன வண்டிகளின் டயர்த் தடம்தான் வழி. அதுவும் ஒன்றாக இருக்காது. ஒரு இடத்தில் பத்தாகப் பிரிந்துபோகும், எதை நம்புவது என்று இரண்டு டிரைவர்களும் இறங்கி நின்று பேசுவார்கள். இறுகிய தரையில் லாரி தடதடவென்று உதறும்போதெல்லாம் சபா கெக்கெக்கென்று சிரிப்பாள். வெயில் தாழ்ந்ததும் டயர் ஓரமாக அடுப்பு மூட்டி ரொட்டி சுடுவார்கள். ரொட்டியில் பாதி மணல். பயம் இருந்தாலும் முதல் இரண்டு நாள் கமருன்னிசாவுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் சம்சுதீன் ஓட்டிக்கொண்டிருந்தபோது லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி முன் அச்சு முறிந்தது. பின்னாலிருந்த இரும்புப் பெட்டி சரிந்து தண்ணீர் கேன்களை நசுக்கிவிட்டது. தப்பியது ஒன்றே ஒன்று. சபாவின் உடம்பு வேறு அனலாய்க் கொதித்தது. வந்த வழியில் தூரத்தில் ஒரு எண்ணெய்க் கம்பெனி முகாமைப் பார்த்த ஞாபகம் பாவாடைக்கு இருந்தது.

"நீங்க புள்ளத்தாச்சியையும் கொழந்தையையும் பாத்துக்குங்க பாய். நான் போயி வண்டி இட்டாரேன்" என்று ஒரு பாட்டில் தண்ணீரோடு கிளம்பினார்.

"இன்னொரு பாட்டிலு எடுத்துக்குங்கண்ணே" என்றாள் கமருன்னிசா.

"கொழந்தைக்கு வேணும் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அன்று முழுக்க யாரும் வரவில்லை. மறுநாள் காலையில் மஸ்கட் பக்கம் போன ஒரு பதூவின், பாலைவன நாடோடியின், பிக்கப் வண்டி அவர்களைக் கண்டு நின்றது. சபாவுக்குக் கண் செருகியிருந்தது, காத்திருக்க வழியில்லை. போன திசை தெரியட்டும் என்று சம்சுதீன் தரையில் கல் அடுக்கி வைத்துவிட்டு ஏறினார். கொஞ்ச நேரத்தில் பின்னால் புழுதிக் காற்று எழுந்தது. வழியில் இருந்த போலீஸ் சாவடியில் விவரம் சொன்னார்கள். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள்.

மஸ்கட் ஆஸ்பத்திரியில் சபா பிழைத்துக்கொண்டாள். பாவாடையைப் பற்றித்தான் ஒரு சேதியும் இல்லை. ஊர் வந்து அரபிக்கு எழுதியதற்கும் பதில் வரவில்லை. சொந்த ஊரான பரங்கிப்பேட்டையை விட்டு விருத்தாசலத்தில் கடை போட்ட பிறகு, சம்சுதீன் பாவாடையின் கிராமத்தைத் தேடிப் போனார். அந்தக் கிராமமே நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போயிருந்தது. சனங்கள் திக்குக்கொருவராய்ச் சிதறியிருந்தார்கள்.

வீட்டில் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் லாரி உதறியதையும் மணல் ரொட்டியையும் சொல்லிச் சிரிப்பார்கள். மூன்றாம் நாளுக்கு வரும்போது சம்சுதீன் எழுந்து வெளியே போய்விடுவார். கமருன்னிசா தொழுகை முடிந்ததும் அந்த அண்ணனுக்காகத் துஆ கேட்பாள். உயிரோடு இருப்பவருக்குக் கேட்பதா, மவுத்தானவருக்குக் கேட்பதா என்று தெரியாது. இருப்பவருக்காகவே கேட்டுவந்தாள்.

பூர்ணிமா கடைக்கு வந்துபோன அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகன் அஷ்ஃபாக் இருவரையும் அவள் வீட்டுக்குக் காரில் அழைத்துப் போனான். புது வீட்டு வாசலில் வேட்டி துண்டோடு மெலிந்த ஒருவர் நின்றுகொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. ஆனால் ஒரு தோளைத் தாழ்த்தி நிற்கிற அந்த நிலை அதேதான். அவர் சம்சுதீனின் கையைப் பிடித்துக்கொண்டார். கேள்வியை மட்டும் கமருன்னிசாவிடம் கேட்டார்.

"கொழந்த?"

"சபா நல்லா இருக்காண்ணே. அவ புள்ளைங்களே காலேஜு படிக்குதுங்க. இவன்தான் அன்னிக்கி வயித்துல இருந்தவன்."

பாவாடை வாசற்படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் மனைவி சொர்ணாம்பாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கொழந்தைக்கு ஜொரம்னா போதும், இவரு அன்னிக்கி சாப்புட மாட்டாரு. எங்க வூட்டுப் புள்ளைங்களுக்கு வந்தாலும் அப்படித்தான்" என்றாள்.

கொஞ்சம் தெளிந்ததும் அவரே சொன்னார். "முகாமுக்குப் போயி விழுந்துட்டேன் பாய். மறுநா மதியத்துக்கு மேலதான் அவங்க வண்டியோட வந்தேன். புழுதிக் காத்து அடிச்சி ஓஞ்சிருந்துது. வண்டி இருக்குது, ஒங்கள காணோம். என்னைத் தேடிக்கிட்டு நடந்துட்டீங்கன்னு நெனச்சேன். அந்தச் சுத்துவட்டாரம் பூரா தேடுனோம்."

"கல்லு அடுக்கி வச்சிருந்தனே!"

"எல்லாத்தையும் மணலு மூடிடிச்சி. அரபி மூஞ்சில முழிக்க முடியாம அந்த முகாமுலியே வேலைக்கு நின்னுட்டேன். லீவுல வந்து பரங்கிப்பேட்டையில சம்சு பாய் வூடு எதுன்னு கேட்டா, தெருவுக்கு நாலு சம்சு இருக்காங்க. நீங்க போயிட்டீங்கன்னே நெனச்சிக்கிட்டு, மஸ்கட்டுல செத்துப்போன சம்சுன்னு அடையாளம் சொன்னேன், அப்படி யாருமே இல்லன்னுட்டாங்க."

சம்சுதீன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கமருன்னிசாவுக்கு நெஞ்சில் எத்தனையோ வருஷமாக அழுத்திக்கொண்டிருந்தது விலகி, மூச்சு உள்ளே நன்றாகப் போய் வந்தது. சபாவுக்குப் போன் போட்டு, பேசுங்கண்ணே என்று பாவாடையிடம் கொடுத்தாள். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ம்... ம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது இரண்டு டிரைவர்களுக்கும் சண்டை வந்தது.

"பள்ளம் இருக்குதுன்னு நான் அப்பவே கத்துனேன் பாய்."

"நீ எங்க கத்துன? தூங்கிக்கிட்டு வந்த!"

"யாரு, நானா தூங்குனேன்? தங்கச்சி, நீ சொல்லும்மா."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்று சொல்லிவிட்டு, கமருன்னிசா இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டாள்.