எங்க பார்ட்ல பிரச்சினை இல்ல சார்

போன செவ்வாய்க்கிழமை சம்பந்தியிடமிருந்து போன் வந்தது.

சம்பந்தி வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருப்பவர். அதிர்ந்து பேசமாட்டார். என் மகள் கயல்விழிக்கு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் வளைகாப்பு. அது முடிந்ததும் பிரசவத்துக்கு அவளை ஓசூருக்கு, எங்கள் வீட்டுக்கு, அழைத்து வருவதாக ஏற்பாடு.

"சம்பந்தி, தப்பா நெனச்சிக்காதீங்க. புள்ளைக்கு ஏழு மாசம். உங்க வண்டில ஏசி ஓடலயாமே? ஏசி ஓடுனா கூட்டிக்கினு போங்க. இல்லன்னா இங்கயே இருக்கட்டும், வெயில் தணிஞ்சப்புறம் பாத்துக்கலாம்."

சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. பெற்ற பெண்ணை வீட்டுக்குக் கூட்டி வர அப்பன் இருந்தால் போதாதா? ஏசியும் வேண்டுமா?

என் காருக்குப் பதினாலு வயசு. ஏசி நின்று இரண்டு கோடை ஆகிறது. மனைவி தேவகி சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். "ஜன்னலைத் திற, இயற்கைக் காத்து உடம்புக்கு நல்லது" என்று ஒவ்வொரு முறையும் வாயை அடைத்திருக்கிறேன். அதே பதிலைச் சம்பந்தியிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

சரி, ஓசூரில் கார் தெரிந்த ஆளுக்கா பஞ்சம்? எங்கள் அபார்ட்மென்ட்டில் தடுக்கி விழுந்தால் ஓர் ஆட்டோமொபைல் இன்ஜினியர் மேல்தான் விழ வேண்டும். ஆனால் பாருங்கள்... எங்கள் பிளாக்கில் முழுக் கார் செய்பவர் ஒருவரும் கிடையாது. திருநெல்வேலி செல்லத்துரை ரப்பர் ஹோஸ் செய்கிறார். தஞ்சாவூர் பிரபாகர் ஒயரிங். நான் இருபத்தாறு வருஷமாக ரப்பர் ரிங் பரிசோதிக்கிறேன் — குழாயும் குழாயும் சேருகிற இடத்தில் கசியாமல் இருக்கப் போடுவார்களே, அது. முழுக் கார் எப்படி ஓடுகிறது என்று எங்களைக் கேட்டால்? சாவி போட்டால் ஓடும், அவ்வளவுதான்.

புதன்கிழமை சாயங்காலம் பார்க்கிங்கில் மீட்டிங். பிரபாகர் லேப்டாப்பும் கையுமாக வந்துவிட்டார். 'ஏன்' என்று ஐந்து முறை கேட்டால் மூலகாரணம் கிடைத்துவிடும் என்பது எங்கள் ஃபேக்டரிகளின் வேதம். அதற்கென்று ஒரு ஃபார்ம் உண்டு. நிரப்ப ஆரம்பித்தோம்.

ஏசி ஏன் குளிரவில்லை? கேஸ் இல்லை. கேஸ் ஏன் இல்லை? கசிந்திருக்கும். எங்கே கசிந்தது?

அங்கே பிரபாகரின் விரல் கீபோர்டில் நின்றது.

"அண்ணாச்சி, ஹோஸா இருக்கவே இருக்காது. எங்க ஹோஸ் கசிஞ்சா நான் மீசைய எடுத்துருதேன்" என்றார் செல்லத்துரை.

"ஒயர்லேர்ந்து கேஸ் கசியாது சார்" என்றார் பிரபாகர், பரம நிம்மதியாக.

நான் சும்மா இருப்பேனா? "ரிங்கா? எங்க ரிங்கை யானை மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்றேன்.

முக்கால் மணி நேர விவாதத்துக்குப் பிறகு ஒருமனதாக ஒரு முடிவு. குற்றவாளி — அத்திப்பள்ளிப் பக்கமிருந்து வரும் தூசி! கர்நாடகத் தூசிக்கு எங்கள் மீட்டிங்கில் வக்காலத்து வாங்க ஆளில்லை, பாவம். ஃபார்மைப் பிரிண்ட் எடுத்து மூவரும் கையெழுத்துப் போட்டோம். காரின் பானட்டை யாரும் திறக்கவே இல்லை.

வியாழன், வெள்ளி, சனி... ஃபார்ம் பத்திரமாக இருந்தது. ஏசி மட்டும் ஓடவில்லை.

ஞாயிறு காலை வளையல், பழத் தட்டுகளோடு கிளம்பினோம். ஏசி இல்லாமல் போய் நின்றால் மகள் வரமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். தேவகிக்கும் தெரியும். ஆனாலும் பேச்சுக் கொடுத்தால் என்ன வருமோ என்று வாயைத் திறக்காமல் ஓட்டினேன். குருபரப்பள்ளி வந்ததும், "நிறுத்துங்க" என்றாள் அவள். ரோட்டோரம் தகரக் கொட்டகை. கார் ஏசி ரிப்பேர் என்று போர்டு.

மெக்கானிக் பெயர் சீனப்பா. போனில் யாரையோ தெலுங்கில் திட்டிக்கொண்டே பானட்டைத் திறந்தார். மீட்டர் மாட்டினார். கேஸ் சுத்தமாக இல்லை. குழாய்க்குள் காற்றழுத்தம் ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவினார். ஓரிடத்தில் குபுகுபுவென்று நுரை கிளம்பியது. கழற்றினார். உள்ளே உப்பி, வெடித்துப் போன ஒரு கறுப்பு ரிங்.

"இத யாரு போட்டது சார்?"

எனக்கு அந்த ரிங்கைத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் சர்வீஸில் இந்தக் குழாயைப் பிரித்தபோது, அவர்கள் வைத்திருந்த ரிங்கைத் தடுத்து, என் சட்டைப் பையிலிருந்து எங்கள் கம்பெனி ரிங்கை எடுத்துக் கொடுத்து, "எக்ஸ்போர்ட் குவாலிட்டி, இதைப் போடு" என்று அதிகாரம் செய்தது நானேதான்.

"ரிங்கு ஏ-ஒன் ரிங்கு. ஆனா இது ஆயில் லைனுக்கு. ஏசி கேஸ் பட்டா ஊதிப் பூடும். இங்க பச்ச ரிங்குதான் போடணும். எவனோ ரொம்பப் படிச்சவன் வேல சார் இது."

"ஆமா... யாரோ..." என்றேன்.

பழத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்த தேவகி நிதானமாகச் சொன்னாள்: "இவரு ரிங் கம்பெனியிலதாங்க இருக்காரு."

அதற்கப்புறம் சீனப்பா கேட்டதையெல்லாம் தேவகியிடமே கேட்டார். ரிங்கை மாற்றி, கேஸ் ஏற்றி, ஒன்றரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. சாப்பாடு முடிந்ததும் சம்பந்தி வந்து காருக்குள் உட்கார்ந்தார். குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல, காற்று வரும் இடத்தில் கையை வைத்துப் பார்த்தார். "ஜில்லுனு வருது. கூட்டிக்கினு போங்க" என்றார். எனக்கு உயிரே வந்தது.

திரும்பும்போது பின் சீட்டில் மகள். கொஞ்சம் அலட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. "பாத்தியா கண்ணு? உங்க மாமனார் ஒரு வார்த்தை சொன்னாரு, அஞ்சே நாள்ல ரெடி பண்ணிட்டேன்."

"மாமாவாப்பா சொன்னாரு? நான்தான் சொல்லச் சொன்னேன்."

"உனக்கு வெயில் தாங்காதுன்னு எங்கிட்டயே சொல்லியிருந்தா..."

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. போன சித்திரைல நீங்க ரெண்டு பேரும் வந்தீங்கல்ல? நீங்க காரை நிழல்ல விடப் போயிட்டீங்க. அம்மா தலை சுத்தி வாசல்லயே உக்காந்துட்டாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. அம்மா சொல்லி ரெண்டு வருஷமா செய்யல. சம்பந்தி சொன்னா செய்வீங்கன்னு எனக்குத் தெரியும்."

காரை நிழலில் விடப் போயிருக்கிறேன்! அவமானத்தில் காது சுட்டது. பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். தேவகி நடுவிலிருந்த இரண்டு காற்று வழிகளையும் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

"தேவகி..." என்று ஆரம்பித்தேன்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றாள், கண்ணைத் திறக்காமல். "இப்பத்தான் காத்து வருது."