பல்லி ராணிக்குப் பொட்டு வைத்த நாள்

எங்கள் வீட்டில் பூட்டுப் போட்ட அலமாரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்குள் நகையும் இல்லை, பத்திரமும் இல்லை. மாமாவின் பொம்மைகள் இருந்தன.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மட்டாஞ்சேரியில் எங்களோடுதான் இருந்தார். ஃபோர்ட்கொச்சியில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை. முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. யாராவது பெண்வீட்டார் வருகிறார்கள் என்றால் அம்மா முதல் காரியமாக அந்த அலமாரியின் கண்ணாடிக் கதவை ஒரு பழைய புடவையால் மூடிவிடுவாள். வந்தவர்கள் உள்ளே சாமிப்படம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

மாமா சின்னப் பையனாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் வருமாம். இடிக்கோட்டை என்று ஒரு கோட்டை. அதைக் காக்கிற வீரர்கள், ஆந்தை முகத்தோடு ஒரு மந்திரவாதி, கோட்டையைப் பிடிக்க வருகிற பல்லி ராணி. அந்தக் கார்ட்டூனின் பொம்மைகளைத்தான் மாமா பெரியவரான பிறகு எங்கெங்கிருந்தோ வரவழைத்துச் சேர்த்தார். ஒவ்வொன்றும் படம் போட்ட அட்டையில், பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும். பக்கத்திலேயே அதன் வாளோ ஈட்டியோ தனியாகக் கிடக்கும்.

சட்டம் என்னவென்றால், பிரிக்கக் கூடாது. மூடியைப் பிரித்துவிட்டால் பொம்மைக்கு மதிப்புப் போய்விடும் என்றார் மாமா. மூன்றாம் வகுப்பில் படித்த எனக்கு இது விளங்கவே இல்லை. விளையாடாமல் இருப்பதற்காக ஒருவர் பொம்மை வாங்குவாரா? நான் தினமும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பேன். மாமா தினமும் என் மூக்குத் தடத்தைத் துணியால் துடைப்பார். எங்கள் உறவு அப்படி அன்போடுதான் போய்க்கொண்டிருந்தது.

தொட விடாததற்குப் பரிகாரமாகக் கதை சொல்வார். வேலை முடிந்து, ஹோட்டலில் மிஞ்சிய கேக்கோடு வந்து உட்கார்ந்தாரென்றால் இடிக்கோட்டைக் கதைதான். அவர்கள் வீட்டில் அப்போது டிவி கிடையாது. கொச்சங்காடியில் ஒரு மிளகு வியாபாரி வீட்டு ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாராம். அந்த ஜன்னலை நானும் பார்த்திருக்கிறேன். குதிகாலைத் தூக்கினாலும் எனக்கு உள்ளே எட்டாது.

"குட்டி, ஒரு ரகசியம் சொல்றேன் கேட்டோ," என்றார் ஒருநாள். "இந்த அட்டையில பல்லி ராணி வலது கையில கோடாலி வெச்சிருக்கா பாரு. தப்பு. அவ இடதுகைக்காரி. கம்பெனிக்காரனுக்கே தெரியலை. கார்ட்டூன் பார்த்தவங்களுக்குத்தான் தெரியும்."

உலகத்தில் இது தெரிந்த இரண்டாவது ஆள் நான் என்று அன்றைக்கு எனக்கு உண்டான பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் நவராத்திரி முடிவில் புத்தகங்களைப் பூஜைக்கு வைத்துவிட்டால் அவற்றைத் திரும்ப எடுக்கும்வரை படிக்கக் கூடாது. ஆகவே என் கணக்கில் அதைவிடப் பெரிய பண்டிகை வேறில்லை. அம்மாவுக்கோ அது வேட்டை நாள். கூர்மையாக இருப்பது, சுற்றுவது, சத்தம் போடுவது எதுவானாலும் அவள் கையிலிருந்து தப்பாது. அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, மிக்ஸி, அப்பாவின் சைக்கிள், இஸ்திரிப் பெட்டி, டிவி ரிமோட் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். முந்தின வருஷம் மின்விசிறிக்கு வைத்த சந்தனம், அதைப் போட்டதும் அப்பாவின் சட்டையில் வந்து விழுந்தது.

அன்று சாயங்காலம் அப்பாவும் நானும் பொரியும் பூசணிக்காயும் வாங்கப் போனோம். திரும்பி வந்ததும் நான்தான் முதலில் உள்ளே ஓடினேன். ஓடிய வேகத்தில் அப்படியே நின்றுவிட்டேன். சாமிப்படங்களுக்கு முன்னால் அரிவாள்மனையையும் ஸ்க்ரூடிரைவரையும் அடுத்து, இடிக்கோட்டைப் படை மொத்தமும் வரிசையாக நின்றது. எல்லார் நெற்றியிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். எல்லார் கையிலும் ஆயுதம். ஆந்தை மந்திரவாதிக்கு நெற்றி சிறிது என்பதால் அலகில் வைத்திருந்தது. காலியான அட்டைகள் மூலையில் குவிந்து கிடந்தன.

என்னால் நம்ப முடியவில்லை. பல்லி ராணியின் வாலை மெதுவாகத் தொட்டுப் பார்த்தேன். சரியாக அந்த நேரத்தில் மாமா வாசலில் செருப்பைக் கழற்றினார்.

என் விரலில் குங்குமம் இருந்தது. காலையில் சைக்கிளுக்கு நான்தான் பொட்டு வைத்திருந்தேன்.  மாமா பொம்மைகளைப் பார்த்தார், அட்டைகளைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் இல்ல மாமா, சத்தியமா நான் இல்ல" என்று கத்தினேன். கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் எல்லோரும் சொல்வதுதானே அது.

அப்போது குளித்த தலையில் துண்டோடு அம்மா வந்தாள். "அவளை ஏன்டா மிரட்டுற? நான்தான் பூட்டைத் திறந்து பிரிச்சேன்."

"அக்கா!"

"என்ன அக்கா? வீட்டுல இத்தனை வாளையும் கோடாலியையும் பெட்டிக்குள்ள வெச்சுக்கிட்டு, அதை விட்டுட்டு வெறும் தேங்காய்த் துருவிக்கா பூஜை போடுறது? நல்லா இருக்கே!"

  எதிர்வீட்டுச் சேச்சி பிரசாதத்துக்குப் பாத்திரத்தோடு வந்தவர் வரிசையைப் பார்த்துக் கன்னத்தில் கைவைத்தார். "அய்யோ, இவர்க்கும் பொட்டோ?" என்று கேட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கும்பிடும் போட்டார்.

அந்தக் கும்பிடுதான் மாமாவை உடைத்தது. இனி இந்த வீட்டில் ஒரு நிமிஷம் இருக்கமாட்டேன், அக்கரையில், வைப்பின் தீவில் இருக்கும் சினேகிதன் அறைக்கே போய்விடுகிறேன் என்று பையை எடுத்துச் சட்டைகளைத் திணிக்க ஆரம்பித்தார்.

"வைப்பினுக்கா?" என்றார் அப்பா, பூசணிக்காயை இறக்கி வைத்தபடி. "போட்ல ஏறினா இங்க போட்ட சாயா ஆறுறதுக்குள்ள திரும்பி வந்துடலாமேடா."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு வைப்பின் துபாயைவிடத் தூரமாகப் பட்டது. மாமா போனால் கேக் போகும், கதை போகும், துடைப்பதற்கு ஆளில்லாமல் என் மூக்குத் தடம் கண்ணாடியில் அப்படியே இருக்கும். நான் அவர் பையின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அவர் என்னைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு பொம்மைகளை எடுக்கப் போனார். ஒவ்வொன்றாகப் பொட்டைத் துடைத்துத் துடைத்துப் பைக்குள் போட்டார். கடைசியாகப் பல்லி ராணியை எடுத்தவர், துடைக்காமல் அப்படியே நின்றார்.

கோடாலி இடது கையில் இருந்தது.

"குட்டி, நீயா வெச்சே?"

எனக்குத் திரும்பவும் அழுகை முட்டியது. தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவர் வைக்கவில்லை என்றால் பழி என் மேல்தானே விழும்.

"அவ கடைக்குல்ல போயிருந்தா. எல்லாம் நான்தான் வெச்சேன்," என்றாள் அம்மா.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அட்டையில படம் போட்டிருக்குல்ல. அதைப் பார்த்துதான்."

மாமா மூலைக்குப் போய் அட்டைக் குவியலைக் கிளறிப் பல்லி ராணியின் அட்டையை எடுத்தார். அதில் கோடாலி வலது கையில்தான் இருந்தது. அவர் அட்டையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்குத் திடீரென்று அடுப்பில் சுண்டல் நினைவு வந்துவிட்டது. உள்ளே போய்விட்டாள்.

மாமா மெல்லத் தரையில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒவ்வொருவராகத் திரும்ப எடுத்து வரிசையாக நிறுத்த ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, சமையலறைப் பக்கம் பார்த்து, "ஆந்தை கோட்டைக்கு உள்ளதானே நிக்கணும்?" என்று சத்தமாகக் கேட்டார்.

"வாசல்ல நிக்கணும்டா. அவன்தானே காவல்," என்று உள்ளிருந்து பதில் வந்தது.

மாமா ஆந்தையை வரிசைக்கு முன்னால், கோட்டை வாசல் இருப்பதுபோல் நகர்த்தி வைத்தார். கண்ணில் என்னவோ விழுந்துவிட்டது என்றார். பிறகு எனக்கு ஒரு ஈட்டி வீரனைக் கொடுத்து, பூஜை முடிந்ததும் விளையாடலாம் என்றார். நான் பொரியை வாயில் அடைத்துக்கொண்டு குதித்தேன். என் மேல் விழுந்த பழி தீர்ந்தது, மாமா வைப்பினுக்குப் போகவில்லை, அலமாரிக்குப் பூட்டு இல்லை. ஒரு பிள்ளைக்கு இதற்குமேல் விசாரிக்க என்ன இருக்கிறது?

அந்த உயரமான ஜன்னலைச் சின்னப் பையனான மாமா எப்படி எட்டினார் என்று நான் அப்போது கேட்கவில்லை. அவரை யாரோ ஞாயிறு தவறாமல் இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றிருக்க வேண்டும் என்பதும், தூக்கியவளுக்கும் கண்கள் இருந்திருக்கும் என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை.

பூஜை முடிந்து எல்லோரும் அலமாரிக்குத் திரும்பினார்கள், பல்லி ராணி மட்டும் திரும்பவில்லை. அவள் சமையலறையில், மசாலா டப்பாக்களுக்கு நடுவே, நெற்றியில் குங்குமத்தோடு நின்றாள். மாமா அவளைக் கேட்கவே இல்லை. நான்தான் அம்மாவிடம் ஏன் என்று கேட்டேன்.

"நிஜப் பல்லி வராம இருக்கத்தான். ராணியைக் கண்டா அதுங்களுக்குப் பயம்," என்றாள் அம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நான் அதை அப்படியே நம்பினேன். எங்கள் சமையலறையில் பல்லிகள் முன்போலவே ஓடிக்கொண்டுதான் இருந்தன. இருந்தும், பல்லித் தொல்லைக்கு இதுதான் மருந்து என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்தேன்.