எதிர்வீட்டுப் பந்தலில் என் கார்

மர்பி டவுனில் எங்கள் சந்து குறுகல். அதில் என் புது எலக்ட்ரிக் காரைக் கொண்டுவந்து நிறுத்திய நாளிலிருந்தே எதிர்வீட்டுக்காரருக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கும் அவரைப் பிடிக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். வாசலில் ஷாமியானா போடவேண்டும் என்றார்; காலையிலேயே காரை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். போய்ப் பார்த்தால் ரிமோட்டுக்குக் கதவே திறக்கவில்லை. ரிமோட்டுக்குள்ளிருந்த சின்னச் சாவியால் திறந்து உட்கார்ந்தேன். ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் சத்தமே இல்லை. திரை கறுப்பாகவே இருந்தது.

கம்பெனிக்குப் போன் போட்டேன்.

“ஆப்ல சார்ஜ் எண்பது பர்சென்ட் காட்டுதே மேடம்?” என்றாள் ஒரு பெண்.

“காட்டுது. வண்டி எழுந்திருக்க மாட்டேங்குது.”

“அப்போ பன்னெண்டு வோல்ட் பேட்டரி டவுனாயிருக்கும்.”

ஓட்டுகிற பெரிய பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும், அதை எழுப்பிவிடும் சின்னப் பேட்டரி செத்துவிட்டால் கார் அசையாதாம். வாங்கும்போது இதை ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆள் எப்போது வருவார் என்று கத்தினேன். “சண்டே மேடம், ட்ரை பண்றோம்” என்று வைத்துவிட்டாள்.

அதற்குள் ஷாமியானாக்காரர்கள் கம்புகளோடு வந்துவிட்டார்கள். பின்னாலேயே எதிர்வீட்டுக்காரரும் வந்தார்.

“இன்னாம்மா, வேணும்னே நிறுத்தி வச்சிருக்கியா?”

“பேட்டரி போயிடுச்சு. நான் இன்னா பண்ணட்டும்?”

“தள்ளு.”

“சக்கரம் லாக் ஆயிருக்கு. உங்க வேன்லேருந்து ஒயர் போட்டா ஸ்டார்ட் ஆயிடும்.”

“என் பேட்டரியயும் எரிக்கவா? பேஜாரு புடிச்ச வண்டி. கடப்பாறய எடுத்தாந்து ஒடச்சிடுவேன்.”

“ஒடச்சுத்தான் பாரேன்” என்றேன். அதுவரை அவரை ‘நீங்க’ என்றுதான் பேசிவந்தேன்.

கடைசியில் காரை நடுவில் விட்டு அதன் மேலேயே ஷாமியானாவைக் கட்டினார்கள். யாரோ என் பானெட் மேல் பூத்தட்டை வைத்தார்கள். நான் என் வாசலிலேயே காவலுக்கு நின்றேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா காரைத் தடவிப் பார்த்து, “புது வண்டி! பொண்ணுக்கா?” என்றார்.

எதிர்வீட்டுக்காரர் இல்லை என்று சொல்லவில்லை. “எல்லாம் அதுக்காகத்தானே” என்று சிரித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. “அது என் வண்டி” என்றேன், எல்லார் காதிலும் விழும்படி. “பேட்டரி செத்து நிக்குது. காலையில கடப்பாறையால அடிக்க வந்தாரு. இப்போ பொண்ணுக்காம்.”

மாமா கையை எடுத்துக்கொண்டார். எதிர்வீட்டுக்காரர் என் கிட்டே வந்து, “வூட்டுக்குள்ள போ. நல்லாருப்பியா நீ?” என்று பல்லைக் கடித்தார். நான் நகரவில்லை.

அலங்காரத்தோடு உள்ளே உட்கார்ந்திருந்த பெண் ஜன்னலுக்கு எழுந்துவந்தாள். “அப்பா, சும்மா இருப்பா. மாமா, எங்க வண்டி தெருமுனையில நிக்குது பாருங்க, பழைய வேன். அவ்ளோதான்” என்றாள். மாமா என்ன நினைத்தாரோ, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நிச்சயம் நடந்தது. என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.

சாயங்காலம் கம்பெனி ஆள் வந்து பேட்டரியை மாற்றினான். “சும்மா நிறுத்தி வெக்காதீங்க மேடம், டெய்லி ஓட்டுங்க” என்றான். டெய்லி ஓட்டுகிற வண்டிதான் என்று அவனிடமும் கத்தினேன்.

கல்யாணம் தங்கவயலில் நடந்ததாம். எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வரவில்லை. வந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன்.