ஐந்தாவது உறுப்பினர்

பானுப்ரியா படிப்பில் கெட்டிக்காரி. ஆனால் சங்கம் பதிவு செய்த அன்று அவள் செய்த மடத்தனத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவள் நான்தான். நடக்க முடியாத எங்கள் ஏழு பிள்ளைகளுக்காகக் கே.ஜி.கண்டிகையில் ஓர் அறை பிடித்து, ஆள்மாற்றி ஆள் பார்த்துக்கொண்டது நாங்கள், தாய்மார்கள். உறுப்பினர் பட்டியலிலோ அவள் எழுதியது, வீட்டுக்கு ஒருவர் என்று ஏழு அப்பாக்களின் பெயர். எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் அப்படித்தானே எழுதிப் பழக்கம்!

இரண்டே வருடத்தில் அந்த ஏழில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். அதில் ஒருவர் தலைவர். பானுவின் கணவன் பங்காரு, மகளைப் பார்க்கச் சகிக்காமல், தறி வேலை என்று சொல்லி ஆந்திரா பக்கம் நகரிக்குப் போனவன் திரும்பவில்லை. புதுத் தலைவரின் கையெழுத்து இல்லாமல் ஒப்பந்தத்தை நீட்டமாட்டேன் என்று அறையின் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். அறை போனால், மறுபடி பிள்ளைகளைக் கட்டில் காலில் கட்டிவிட்டு நாங்கள் தறிக்குப் போகவேண்டும்.

ஐந்து உறுப்பினர்கள் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்பது சங்க விதி. வந்தது நாலு பேர். அறை நிறையத் தாய்மார்கள் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தியும் கணக்கில் இல்லை. பானு பங்காருவுக்குப் போன் போட்டாள்.

"பானு பேசறேங்க. சண்டைக்கு இல்ல. எல்லாரும் காத்துகினு இருக்காங்க. ஒரு கையெழுத்துதான். உங்க கால்ல வேணா உழறேன், வாங்க."

மாலையில் வந்தான். மகள் கயல்விழி இருந்த மூலைப் பக்கம் திரும்பவே இல்லை. என் வீட்டுக்காரர் கஜபதிக்கு அவன் மச்சான் முறை, பாவா என்றுதான் கூப்பிடுவார்; வாயும் சும்மா இருக்காது.

"எங்களுக்குப் பொழப்ப பாக்கவே நேரமில்ல. பங்காரு பாவாவே தலைவரா இருக்கட்டுமே."

மற்ற மூவரும், தப்பித்தோம் என்று கை தூக்கினார்கள். அதே கூட்டத்தில் எடுப்பதாகச் சொல்லியிருந்த, தாய்மார்களை உறுப்பினர்களாகச் சேர்க்கும் தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அத அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குக் கத்தி அழவேண்டும் போலிருந்தது. பானு அழவில்லை. தீர்மானப் புத்தகத்தில் தலைவர் என்று அவன் பெயரைத் தன் கையாலேயே எழுதி நீட்டினாள். பேனாவை வாங்கிய பங்காரு, தலைவராகிவிட்டோமே, ஏதாவது கேட்கவேண்டும் என்று நினைத்தானோ என்னவோ.

"இங்க எத்தினி பசங்க கீறாங்க?" என்றான்.

"ஏழுங்க" என்றாள் பானு. "உங்க பொண்ணையும் சேத்து."